கவர் பாடலை இணையத்தில் பகிரும்போது அனுமதி எங்கிருந்து வருகிறது?

வேறொருவர் பாடி ஏற்கெனவே வெளியான ஒரு பாடலைத் தம் குரலில் பாடி, காணொளியாக்கி இணையத்தில் ஏற்றுகிறவர்களில் பெரும்பாலானோர் அதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை; ஏற்றிய காணொளியும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. இதைப் பார்த்துப் பழகியவர்கள், இப்படிப் பாடும் கவர் பாடலுக்கு அனுமதியே தேவையில்லை என்ற முடிவுக்கு எளிதாக வந்துவிடுகிறார்கள். அந்த முடிவு தவறானது. காணொளி நீக்கப்படாமல் இருப்பதற்குக் காரணம், பல நேரங்களில், பாடலின் உரிமையாளருக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே ஏற்கெனவே ஓர் ஒப்பந்தம் இருப்பதுதான். பாடியவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அல்லர். அதன் விதிமுறைகள் அவருக்குக் காட்டப்படுவதும் இல்லை. சட்டம் தரும் உரிமம் எது, தளம் வாங்கி வைத்திருக்கும் உரிமம் எது, உரிமையாளர் கண்டும் காணாமல் விடுவது எது என்ற மூன்றையும் பிரித்துப் பார்க்காவிட்டால், ஒரே பாடலுக்கு ஒருவருடைய காணொளி நிலைத்திருப்பதும் இன்னொருவருடையது மறைவதும் புரியாத புதிராகவே இருக்கும்.

நாம் பாடல் என்று ஒரே சொல்லில் குறிப்பிடுவது சட்டத்தின் பார்வையில் ஒரே பொருள் அல்ல. மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதைப் பாடி, வாசித்து, பதிவு செய்த ஒலிப்பதிவு மற்றொன்று. இந்தியச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், வரிகளை இலக்கியப் படைப்பாகவும் மெட்டை இசைப் படைப்பாகவும் தனித்தனியே வைக்கிறது. கவர் பாடுகிறவர் மூல ஒலிப்பதிவைத் தொடுவதில்லை. தம் குரலையும் வாத்தியங்களையும் கொண்டு புதிய ஒலிப்பதிவை உருவாக்குகிறார். எனவே மூலப் பதிவுக்கான அனுமதி அவருக்குத் தேவைப்படுவதில்லை. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: மூலப் பதிவைப் போலவே அச்சு அசலாக ஒலிக்கும்படி ஒருவர் தாமே பாடிப் பதிவு செய்தாலும், அது அந்த ஒலிப்பதிவின் காப்புரிமையை மீறியதாகாது. எஞ்சுவது மெட்டுக்கும் வரிகளுக்குமான உரிமை. கவர் பாடலின் சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே அங்கேதான் இருக்கின்றன.

அந்த உரிமை யாரிடம் இருக்கிறது என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். இசையமைப்பாளரைத் தெரியும், அவரே சரி என்று சொல்லிவிட்டார் என்ற துணிவில் திரைப்பாடலைப் பாடி வெளியிடுகிறவர்கள் உண்டு. ஆனால் திரைப்படத்துக்காகப் பணம் கொடுத்து எழுதி வாங்கிய மெட்டுக்கும் வரிகளுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. தயாரிப்பாளர்களிடமிருந்து அந்த உரிமை பெரும்பாலும் ஆடியோ நிறுவனங்களுக்குக் கைமாறியது. 2012ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி என்ற உரிமைத்தொகையில் பங்கை உறுதிசெய்து, அந்தப் பங்கை வாரிசுகளுக்கோ, உறுப்பினர்கள் சார்பில் உரிமம் கொடுத்துப் பணம் வசூலிக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாதபடி செய்தது. ஆனால் ராயல்டி பெறும் உரிமையும் அனுமதி கொடுக்கும் உரிமையும் ஒன்றல்ல. படைத்தவரின் வாழ்த்து மதிப்புக்குரியதுதான். உரிமம் அவர் கையில் இல்லாதபோது அந்த வாழ்த்து உரிமமாகிவிடாது.

உரிமையாளரைக் கேட்காமலே, பணம் கட்டி, ஏற்கெனவே வெளியான பாடலைப் பதிவு செய்துகொள்ளலாம் என்ற ஏற்பாடு சில நாடுகளின் சட்டத்தில் இருக்கிறது. அதன் தோற்றம் இசையைத் தானே வாசிக்கும் பியானோக்களின் காலத்தது. துளையிட்ட காகிதச் சுருளை மாட்டினால் அந்தப் பியானோ தானாக இசைக்கும். சுருள்கள் ஏராளமாக விற்றன. மெட்டுக்குச் சொந்தக்காரர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மனிதக் கண்ணால் படிக்க முடியாத சுருள் இசைக்குறிப்பின் நகல் ஆகாது என்று சொல்லி, சுருள் தயாரிப்பாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி, இயந்திரம் வழியாக இசையை நகலெடுக்கும் உரிமையையும் படைப்பாளருக்கே கொடுத்தது. அதே நேரத்தில் பெரிய சுருள் நிறுவனம் ஒன்று, மெட்டுக்கும் வரிக்குமான உரிமையை நிர்வகிக்கும் இசைப் பதிப்பாளர்களோடு தனி ஒப்பந்தங்கள் போட்டுச் சந்தையையே வளைத்துவிடும் என்ற அச்சமும் இருந்தது. ஆகவே உரிமையாளர் ஒருமுறை பதிவுக்கு அனுமதித்துவிட்டால், பிறகு எவரும் பிரதிக்கு 2 சென்ட் கட்டிப் பதிவு செய்யலாம் என்றும் அதே சட்டம் வகுத்தது. அந்த 2 சென்ட் 1977 முடியும்வரை மாறவில்லை; 2023இல் சிடி போன்ற பொருள் வடிவப் பிரதிகளுக்கும் பதிவிறக்கங்களுக்கும் அது 12 சென்ட் ஆனது. இந்த உரிமத்துக்கு வழங்கும் மெக்கானிக்கல் உரிமம் என்ற பெயரும் அந்தச் சுருள்களின் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வருவதே.

இன்று அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங் சேவைகள் இந்த உரிமத்தை ஒட்டுமொத்தமாகவே பெற்றுக்கொள்கின்றன. 2018இல் நிறைவேறிய இசை நவீனமாக்கச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட மெக்கானிக்கல் லைசென்சிங் கலெக்டிவ் என்ற அமைப்பு, 2021 ஜனவரி 1 முதல் சேவைகளிடம் பணம் வசூலித்துப் பதிப்பாளர்களுக்கும் படைப்பாளர்களுக்கும் பகிர்கிறது. யாருடைய பாடல் என்று அடையாளம் காண முடியாமல் சேவைகளிடம் தேங்கிக் கிடந்த ஏறத்தாழ 42.4 கோடி டாலர் அந்த ஆண்டு பிப்ரவரியில் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களைச் சரியாக நிரப்பாமல் பாடல்களை ஏற்றுவதன் விளைவு எவ்வளவு பெரியது என்பதற்கு இந்தத் தொகை ஒரு சான்று. கவர் பாடலை ஒலி வடிவில் மட்டும் ஒரு விநியோக நிறுவனத்தின் மூலம் வெளியிடுகிறவர், அது கவர் என்று குறிப்பிட்டு, மூலப் படைப்பாளர்களின் பெயர்களைப் பிழையின்றித் தருவதை வெறும் சம்பிரதாயமாக எண்ணக் கூடாது. பணம் உரியவரிடம் போய்ச் சேர்வது அந்தப் பெயர்களை வைத்துத்தான்.

இந்தியாவிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. ஆனால் தனியாகப் பாடி வெளியிடும் ஒருவருக்கு அது எந்த அளவுக்குப் பயன்படும் என்பது ஐயத்துக்குரியது. 2012 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 31சி பிரிவு, பாடலின் முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்தபின் கவர் பதிவுக்கு இடம் தருகிறது. அதற்கு முன்பிருந்த சட்டத்தில் இது இரண்டு ஆண்டுகளாக இருந்தது. முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், அட்டைகளையும் லேபிள்களையும் முன்கூட்டியே அனுப்ப வேண்டும், ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும், அதுவும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான தொகையைக் கட்ட வேண்டும். குறிப்பிட்ட மொழியிலோ வட்டார வழக்கிலோ உள்ள படைப்புகளுக்கு இந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கையைத் தளர்த்தலாம் என்ற வழியும் அதே பிரிவில் உண்டு. மூலப் பாடகரின் பெயரையோ படத்தையோ அட்டையில் போடக் கூடாது. இது கவர் பதிவு என்று எழுதியே ஆக வேண்டும். உரிமையாளர் முன்பே அனுமதித்த மாற்றங்களையும் ஒலிப்பதிவுக்குத் தொழில்நுட்ப ரீதியாக அவசியமான மாற்றங்களையும் தவிர, வரியிலும் மெட்டிலும் கை வைக்கக் கூடாது. இந்த நிபந்தனைகளை ஒருசேர வாசிக்கும்போது, கேசட்டுகளையும் சிடிக்களையும் ஆயிரக்கணக்கில் அச்சிட்டு விற்ற நிறுவனங்களை மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டன என்பது தெளிவாகத் தெரிகிறது. தலைப்பில் மூலப் பாடகரின் பெயரைப் போட்டுத் தேடலில் முன்னே வர முயல்வது இன்று சர்வ சாதாரணமாக நடப்பது. 31சி பிரிவின் வாசகத்தில் அதற்கே இடமில்லை.

சட்டம் தரும் இந்த உரிமங்கள் எல்லாம் ஒலிப்பதிவோடு நின்றுவிடுகின்றன. பாடலோடு படம் சேர்ந்த அந்த நொடியிலேயே வேறோர் உரிமம் தேவைப்படுகிறது. இசைத்துறையில் அதை சிங்க் உரிமம் என்பார்கள். இசையை அசையும் காட்சியோடு இணைப்பதற்கான இந்த அனுமதிக்குச் சட்டம் நிர்ணயித்த கட்டணம் கிடையாது. உரிமையாளர் மறுக்கலாம், விரும்பிய தொகையைக் கேட்கலாம், பதிலே சொல்லாமலும் இருக்கலாம். படம் என்றால் விலையுயர்ந்த இசைக் காணொளி என்று நினைக்க வேண்டியதில்லை. அறையில் நாற்காலியில் உட்கார்ந்து, கைபேசியை எதிரே நிறுத்தி, கிட்டாரோடு ஒரு சரணத்தைப் பாடி எடுத்ததும் ஒலியும் காட்சியும் சேர்ந்த படைப்புதான். மெக்கானிக்கல் உரிமம் வாங்கியிருக்கிறேன், அதனால் காணொளியும் போடலாம் என்று எண்ணுவது அடிக்கடி காணப்படும் பிழை. மேடைக் கச்சேரிக்காக அரங்க உரிமையாளர் காப்புரிமைச் சங்கத்திடம் பெற்ற உரிமமும் அந்த அரங்கத்துக்குள் பாடுவதற்கானது. அதே கச்சேரியைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுவதற்கு அது போதாது. பாடல் வரிகளைத் திரையில் ஓடவிடுவதையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. எழுத்து வடிவில் வரிகளைக் காட்டுவதற்கும் அனுமதி தேவைப்படலாம்.

அப்படியானால் லட்சக்கணக்கான கவர் காணொளிகள் எப்படி நிலைத்திருக்கின்றன? யூடியூப் 2007இல் தொடங்கிய கண்டென்ட் ஐடி என்ற முறையும், அதைச் சுற்றி உருவான ஒப்பந்தங்களும்தான் விடை. உரிமையாளர்கள் தங்கள் பாடல்களை மாதிரியாகக் கொடுத்து வைக்கிறார்கள். புதிதாக ஏற்றப்படும் ஒவ்வொரு காணொளியும் அவற்றோடு ஒப்பிடப்படுகிறது. பொருத்தம் கண்டால் காணொளியைத் தடுப்பதா, அதில் வரும் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்வதா, வெறுமனே கவனித்துக்கொண்டிருப்பதா என்பதை உரிமையாளர் முன்கூட்டியே தேர்ந்தெடுத்திருப்பார். 2011 ஆகஸ்டில் அமெரிக்க இசைப் பதிப்பாளர்கள் சங்கம் யூடியூப்போடு இருந்த வழக்கை முடித்துக்கொண்டபோது, விரும்பும் பதிப்பாளர்கள் தங்கள் பாடல்களைப் பயன்படுத்தும் காணொளிகளின் விளம்பர வருமானத்தில் பங்கு பெற வழி திறந்தது. அதன் தொடர்ச்சியாக, யூடியூப்பின் வருமானத் திட்டத்தில் உள்ளவர்கள் தகுதியுள்ள கவர் காணொளிகளில் தாங்களும் ஒரு பங்கைப் பெற முடிகிறது. எந்தப் பாடல் தகுதியுள்ளது என்பதைப் பதிப்பாளரே தீர்மானிக்கிறார். ஏற்றிய பின்புதான் பாடியவருக்கு அது தெரியவரும்.

கிளெய்ம் வந்ததும் பதறிப்போய்க் காணொளியை அழித்துவிடுகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளெய்ம் என்பது கண்டென்ட் ஐடியின் தானியங்கி அறிவிப்பு. பெரும்பாலும் வருமானம் கைமாறுவதோடு முடிந்துவிடும், சேனலுக்குக் கரும்புள்ளி விழாது. ஸ்ட்ரைக் என்பது உரிமையாளர் சட்டபூர்வமாக நீக்கக் கோரியதன் விளைவு. 90 நாட்களுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே மூடப்படலாம். கிளெய்மை மறுத்து எழுதினால் உரிமைகோருகிறவருக்குப் பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் உரிமம் இல்லாத கவருக்கு வந்த நியாயமான கிளெய்மை மறுப்பது ஆபத்தானது. சும்மா இருந்திருந்தால் வருமான இழப்போடு போயிருக்கக்கூடியது, மறுத்ததால் உரிமையாளரின் நேரடிக் கவனத்துக்குப் போய் ஸ்ட்ரைக்காக மாறக்கூடும்.

கிளெய்மின் விவரப் பக்கத்தில், காணொளியின் எந்த நிமிடம் முதல் எந்த நிமிடம்வரை பொருத்தம் கண்டது என்பதோடு, பொருந்தியது மெட்டா அல்லது ஒலிப்பதிவா என்பதையும் கவனித்துப் பார்க்க வேண்டும். மெட்டு என்றால் எதிர்பார்த்ததுதான். முழுக்கத் தாமே பாடியதற்கு ஒலிப்பதிவு பொருந்துகிறது என்று வந்தால், குற்றவாளி பெரும்பாலும் கரோக்கி டிராக்காக இருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கரோக்கிக்கும் அதை உருவாக்கியவர் ஒருவர் இருக்கிறார். அது அவருடைய ஒலிப்பதிவு. சில கரோக்கிகள் மூலப் பாடலிலிருந்து குரலை மட்டும் மென்பொருளால் நீக்கிவிட்டு எடுத்தவை. அவற்றில் பாடும்போது மூல ஒலிப்பதிவையே பயன்படுத்தியதாகிறது. கவர் பாடகர் மூலப் பதிவைத் தொடுவதில்லை என்று தொடக்கத்தில் சொன்ன பாதுகாப்பு அத்தோடு போய்விடும். வாத்தியத்தைத் தாமே வாசிப்பதோ, வாசிக்கத் தெரிந்தவரிடம் புதிதாக வாசித்து வாங்குவதோ செலவு பிடித்த வேலைதான். ஆனால் இந்தச் சிக்கலுக்கு அதைவிடச் சுத்தமான தீர்வு இல்லை.

தளத்தின் ஒப்பந்தத்தை நம்பியிருப்பது எவ்வளவு நிலையற்றது என்பதை 2024ஆம் ஆண்டு காட்டியது. யுனிவர்சல் மியூசிக் குழுமம் என்ற பெரிய இசை நிறுவனத்துக்கும் டிக்டாக் தளத்துக்கும் இடையிலான உரிமம் அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று காலாவதியானது. முதலில் அந்த நிறுவனத்தின் ஒலிப்பதிவுகள் மௌனமாக்கப்பட்டன. அடுத்த சில வாரங்களில், அதன் பதிப்புப் பிரிவோடு ஒப்பந்தத்தில் உள்ள ஒரு பாடலாசிரியருக்குச் சிறிய பங்கிருந்தாலும், வேறு நிறுவனம் வெளியிட்ட பாடல்களும் அகற்றப்படத் தொடங்கின. மே மாதத்தில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை அந்த நிலை நீடித்தது. பயனர்கள் எதையும் மாற்றவில்லை. அவர்கள் அறியாமல் அவர்களுக்குக் கீழே இருந்த உரிமம் மட்டும் விலகியது. ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பொறுப்பைச் சட்டமாகவே தளங்களின் மேல் வைத்திருக்கிறது: 2019ஆம் ஆண்டு காப்புரிமை நெறிமுறையின் 17ஆம் பிரிவின்படி, வணிக நோக்கமில்லாமலோ கணிசமான வருமானம் இல்லாமலோ பகிரும் பயனர்களின் செயலையும் தளம் பெறும் அனுமதியே உள்ளடக்க வேண்டும். தளம் அனுமதி பெறாத பாடலுக்கு அந்தப் பிரிவாலும் பயன் இல்லை.

இலவசப் பகிர்வு தானே, பணம் பார்க்கவில்லையே என்ற வாதத்துக்குச் சட்டத்தில் பெரிய மதிப்பில்லை. இழப்பீட்டைக் கணக்கிடும்போது அது உதவலாம், மீறலை இல்லாமல் ஆக்காது. 30 நொடிக்குள் இருந்தால் பரவாயில்லை என்பதற்கு எந்தச் சட்டத்திலும் ஆதாரம் இல்லை. உரிமை எனக்குச் சொந்தமில்லை, மீறும் நோக்கமும் இல்லை என்று விளக்கப் பகுதியில் எழுதி வைப்பது, உரிமை வேறொருவருடையது என்று தெரிந்தே செய்ததை எழுத்தில் ஒப்புக்கொள்வதைத் தவிர வேறொன்றையும் சாதிப்பதில்லை. படைத்தவர்களின் பெயரைப் போடுவது கட்டாயம் செய்ய வேண்டியது. இந்தியச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் படைப்பாளருக்குத் தம் பெயர் குறிக்கப்படும் உரிமையும் படைப்பு சிதைக்கப்படாமல் காக்கும் உரிமையும் உண்டு என்கிறது. ஆனால் பெயரைப் போட்டுவிட்டால் அனுமதி வந்துவிடாது.

பாடலை எவ்வளவு மாற்றலாம் என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. அமெரிக்கச் சட்டம், பாடுகிறவரின் பாணிக்கு ஏற்பச் சுருதியையும் தாளத்தையும் வாத்திய அமைப்பையும் மாற்றிக்கொள்ள இடம் தருகிறது. அடிப்படை மெட்டையும் படைப்பின் இயல்பையும் மாற்றக் கூடாது. வரிகளை வேறு மொழிக்கு மாற்றிப் பாடுவது, புதிய சரணம் சேர்ப்பது, இரண்டு பாடல்களை ஒன்றுக்குள் ஒன்று பின்னுவது ஆகியவை கவர் என்ற எல்லையைத் தாண்டி வழிப்படைப்பு, அதாவது மூலத்தை மாற்றி உருவாக்கிய புதிய படைப்பு, ஆகிவிடுகின்றன. அவற்றுக்கு உரிமையாளரின் நேரடி அனுமதி வேண்டும். மூலத்தையே கேலிக்கு எடுத்துக்கொள்ளும் பகடிக்கு நியாயமான பயன்பாடு என்ற பாதுகாப்பு கிடைக்கக்கூடும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994இல் சொன்னது. வேறு எதையோ கேலி செய்ய ஒரு பிரபலமான மெட்டை இரவல் வாங்குவதற்கு அந்தத் தீர்ப்பு அவ்வளவாகக் கைகொடுக்காது.

காப்புரிமைக் காலம் முடிந்த பாடல்களில் இந்தத் தொல்லைகள் இல்லை என்றாலும், அங்கேயும் அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் படைப்பாளரின் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகள், ஐரோப்பாவில் 70 ஆண்டுகள் காப்புரிமை நீடிக்கிறது. பாரதியார் 1921இல் மறைந்தார். அவருடைய படைப்புகள் 1949இலேயே நாட்டுடைமையாக்கப்பட்டன. அவருடைய வரிகளை எவரும் பாடலாம். ஆனால் அந்த வரிகளுக்குப் பின்னாளில் ஓர் இசையமைப்பாளர் போட்ட மெட்டு அந்த இசையமைப்பாளருக்கு உரியது. அதைக் கேட்டுப் பழகி அப்படியே பாடி ஏற்றுகிறவர், பொதுவுடைமையான வரிகளைக் காப்புரிமை உள்ள மெட்டில் பாடியவராகிறார். வரிகள் பழையவை என்பதை மட்டும் காட்டி, அந்த மெட்டுக்காக வரும் கிளெய்மை வெல்ல முடியாது. இதற்கு நேர்மாறான அநியாயமும் நடக்கிறது. 2018இல் பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் தாமே வாசித்து ஃபேஸ்புக்கில் ஏற்றிய, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையில் 47 நொடிகளுக்கு சோனி நிறுவனத்தின் பெயரில் உரிமைகோரல் வந்து, அந்தப் பகுதி மௌனமாக்கப்பட்டது. பாக் இறந்தது 1750இல். ஒரே இசைக்குறிப்பைத் திறமையாக வாசிக்கும் இருவரின் பதிவுகளைத் தானியங்கி முறை பிரித்தறியத் திணறுவதே இதன் காரணம். இத்தகைய கிளெய்ம்களைத் தயங்காமல் மறுக்கலாம்.

தம் கவர் பதிவின் மேல் பாடியவருக்கு என்ன உரிமை என்பதைப் பெரும்பாலானோர் யோசிப்பதே இல்லை. உரிமம் பெற்றுச் செய்த பதிவானால், அந்த ஒலிப்பதிவு அதைத் தயாரித்தவருடையது. வேறொருவர் அதை எடுத்துத் தம் சேனலில் போட்டால் நீக்கக் கோரலாம். உரிமம் இல்லாத பதிவானால், இந்தியச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கடுமையாக இருக்கிறது: பாடலின் காப்புரிமையை மீறிச் செய்யப்பட்ட ஒலிப்பதிவுக்குக் காப்புரிமையே உண்டாகாது. தம் கவரை யாரோ திருடிவிட்டார்கள் என்று புகார் சொல்ல வருகிறவர் முதலில் தம் கையில் உரிமம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மெட்டுக்கும் வரிக்கும் முறையான அனுமதி வாங்கிய பின்பும் குரல் என்று ஒன்று மிஞ்சியிருக்கிறது. பாடகி பெட் மிட்லர் ஒரு கார் விளம்பரத்துக்குப் பாட மறுத்தபோது, விளம்பர நிறுவனம் பாடலின் உரிமத்தை வாங்கிக்கொண்டு, அவரோடு பின்பாட்டுப் பாடியவரை அழைத்து மிட்லரைப் போலவே பாட வைத்தது. காப்புரிமையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் புகழ்பெற்ற பாடகரின் தனித்தன்மையுள்ள குரலை விற்பனைக்காக வேண்டுமென்றே போலி செய்வது தவறு என்று 1988இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நடுவர் குழு 4 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. ஏஐ கொண்டு ஒருவர் பாடலை இன்னொருவர் குரலில் பாட வைக்கும் கவர்கள் பெருகியபின் இந்தக் கேள்வி மீண்டும் எழுந்திருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் குரலைப் பாதுகாக்கும் சட்டத்தை 2024 மார்ச்சில் நிறைவேற்றி ஜூலையில் நடைமுறைப்படுத்தியது. அதே ஜூலையில், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அவர் அனுமதியின்றி ஏஐ கருவிகளில் நகலெடுத்துப் பயன்படுத்துவதற்கு மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கண்டென்ட் ஐடி வழியாகப் பதிப்பாளருக்குப் போகும் விளம்பரப் பங்கு மெட்டுக்கும் வரிக்கும் உரியது. குரலுக்கு உரியவரிடம் தனியே கேட்டாக வேண்டும்.